பாட்டி, அம்மா, மகள்: மூன்று பேர் வைப்பதும் ஒரே சாடின் சம்பல்தான்

எளிய வீட்டுச் சமையலில் தலைமுறைக்குத் தலைமுறை உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று பெரியவர்கள் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை என்றுதான் சொல்வேன். மாறியது வீடும் கடையும் வேலை நேரமும். ஆட்கள் அவ்வளவாக மாறவில்லை.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்காரி, வயது 47. பாட்டி 1932இல் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அம்மாவும் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டினார் (மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் வேலை). மகள் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். என்னுடையதையும் சேர்த்து நாலு பேர் சமையலையும் சாப்பிட்ட நாக்கு எனக்கு, அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

பாட்டி காலத்துச் சமையல் என்றதும் எல்லாருக்கும் அம்மியும் பொறுமையும்தான் ஞாபகம் வருகிறது. பாட்டிக்குப் பொறுமையாகச் சமைக்க நேரம் எங்கே இருந்தது? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே மரத்தடிக்குப் போயாக வேண்டும். அதற்கு முன்னால் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசை) நிற்க வேண்டும், அதற்கும் முன்னால் கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட வேண்டும், இத்தனைக்கும் நடுவில் பசியாறவும் மத்தியானத்துக்கும் ஏதாவது ஆக்கி வைக்க வேண்டும். விடியற்காலை 4 மணிக்கு விறகடுப்பில் அவர் வைத்ததெல்லாம் ஒரு சோறு, ஒரு ரசம், இல்லையென்றால் நெத்திலி போட்டு ஒரு சம்பல் (அரைத்த மிளகாயில் செய்யும் காரமான தொட்டுக்கை). அரை மணி நேரத்துச் சமையல்தான். இன்றைக்கு என் மகள் ஷிப்ட் முடிந்து வந்து செய்வதும் அதே அரை மணி நேரம்.

எங்கள் வீட்டுச் சாடின் (டின்னில் வரும் மத்தி மீன்) சம்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வெங்காயம் இரண்டு, நீளவாக்கில். எண்ணெயில் கறிவேப்பிலையோடு வதக்கி, அரைத்த மிளகாயைப் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை விட வேண்டும் (அவசரப்பட்டால் பச்சை வாடை போகாது, இந்த ஒரு இடத்தில் மட்டும் காத்திருங்கள்). அப்புறம் டின்னில் இருக்கும் தக்காளிக் குழம்போடு மீனைக் கொட்டி, டின்னில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி அதையும் ஊற்றி, இறக்கியதும் எலுமிச்சை பிழிய வேண்டும். பாட்டி மிளகாயை அம்மியில் அரைத்தார், அம்மா மிக்ஸியில் அரைக்கிறார், மகள் அரைத்த மிளகாயைப் பாக்கெட்டில் வாங்கி வருகிறாள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எனக்கு எது யாருடையது என்று தெரியாது. ஆனால் பாக்கெட்டைப் பார்த்தாலே அம்மாவுக்குக் கோபம். அதே அம்மா கறித்தூளைக் கடையில் வாங்கியபோது பாட்டி இதே பேச்சைத்தான் பேசினார். பாட்டி முதன்முதலில் சாடின் டின்னைத் திறந்த அன்று, தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த அவருடைய அம்மா, டின்னில் அடைத்த மீனையா பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாய் என்று சாப்பிடாமலே படுத்துவிட்டாராம். அந்த டின் மீன்தான் இன்றைக்கு எங்கள் வீட்டில் 'பழைய காலத்துச் சாப்பாடு'!

அந்த டின்னுக்கு வேறொரு கதையும் உண்டு, எங்கள் ஊரோடு சேர்ந்த கதை. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள், வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் கொண்டுவந்தது, 1960 வரை நீடித்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று அரிசிக்கு அளவு வைத்தார்கள், வேலைக்குப் போகிறவர்களைச் சோதனை போட்டார்கள், சில இடங்களில் அரிசியை வீட்டில் வைத்துக்கொள்ளவே விடாமல் பொது அடுப்பில் ஆக்கிய சோற்றைத்தான் கொடுத்தார்கள், சோறென்றால் சீக்கிரம் கெட்டுவிடும், பதுக்க முடியாது என்று. கடைக்காரர் டின்னை விற்கும்போதே அதில் ஓட்டை போட்டுத்தான் தருவார். வாங்கினால் அன்றைக்கே சமைத்தாக வேண்டும். பாட்டி கடைசி வரை வீட்டில் இரண்டு டின்னுக்கு மேல் வாங்கி வைக்க மாட்டார், மலிவு விற்பனையில் நான் ஆறு வாங்கி வந்தால் திட்டுவார். நான் அதைக் கிழவி பழக்கம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது வயசுப் பழக்கமில்லை, அவர் இளவயதில் கண்ட சட்டம்.

கீரை விஷயமும் இப்படித்தான். தோட்டத்து லயத்து வீட்டுக்கு (வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடு) பின்னால் முருங்கை இருந்தது, பசலை படர்ந்து கிடந்தது, கை நீட்டினால் குழம்பு. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டார்கள், ஆட்கள் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (ஊருக்குள் இருக்கும் குடியிருப்பு) வந்தார்கள், பின்வாசலில் சிமெண்டுத் தரை. என் மகளுக்கு முருங்கைக் கீரை உருவத் தெரியாது, உண்மைதான், ஆனால் அவளுக்கு முருங்கை மரம் எங்கே இருக்கிறது? கருவாட்டைக்கூட அவள் ஏர் ஃப்ரையரில்தான் பொரிக்கிறாள். சோம்பல் இல்லை, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர், வாடை அவர்கள் கூடத்துக்கே போய்விடும்.

சரி, நிஜமான மாற்றம் ஒன்று இருக்கிறது, அதை நான் சந்தோஷமாகவே ஒத்துக்கொள்வேன். என் அப்பா தீபாவளிக்கு ஆடு வெட்டுவதோடு சரி, மற்ற நாளில் சட்டியைத் தொட்டதில்லை. என் மகன் தினமும் சோறு ஆக்குகிறான், ரசமும் வைப்பான். அம்மா இதைத் தலைமுறை கெட்டுப்போனதாகச் சொல்கிறார், நான் 20 வருஷம் தாமதமாகக் கிடைத்த ஒத்தாசை என்று சொல்கிறேன். இதில் எங்களுக்குள் சமாதானம் இல்லை.

இன்னொன்று மரவள்ளிக் கிழங்கு. பாட்டிக்கு ஒன்பது வயதில் ஜப்பான்காரன் வந்தான். 1945இல் அவன் போகும் வரை அரிசிக்குப் பதிலாகக் கிழங்குதான், காலையும் கிழங்கு, இரவும் கிழங்கு. அப்புறம் வாழ்நாள் முழுக்க எங்களுக்கு அவித்துக் கொடுப்பார், தொட்டுக்கொள்ள நெத்திலிச் சம்பல் அரைப்பார், சம்பலை மட்டும் விரலில் தொட்டு உப்புப் பார்ப்பார், கிழங்கில் ஒரு துண்டு வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. அதே கிழங்கும் சம்பலும்தான் என் மகளுக்கு ரொம்பப் பிடித்தது. பாசார் மாலத்தில் (இரவுச் சந்தை) அவித்து விற்கிறார்கள், சம்பளம் வந்த வாரம் தவறாமல் வாங்கி வருவாள். பாட்டி ஏன் சாப்பிடவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் எனக்கும் ஒரு துண்டு பிட்டு வைத்தாள்.