எந்த ஊசி போட்டீர்கள்? – காப்பகத்துப் பூனை பற்றி வாசகர் கேள்விகள்

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், காப்பகத்திலிருந்து பூனை எடுத்துவந்தவர்கள் எழுதியவை. மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் வந்த பூனையை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அநேகமாக யாருமே எழுதவில்லை. அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 14 நாள் தனி அறை, தனித் தட்டு, தனி மண்பெட்டி. இதைக் கீழேயும் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

குட்டி வந்த நாளிலிருந்து தும்முகிறது, கண்ணில் பீளை. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பனடோல் பாணி கொஞ்சம் கொடுக்கலாமா? (களுவாஞ்சிக்குடி)

கூடாது. ஒரு துளிகூடக் கூடாது. பனடோல் பூனையின் இரத்தத்தையே கெடுத்துக் கொன்றுவிடும். இது பூனைச் சளிக்காய்ச்சல். ஹேர்பீஸ் அல்லது கலிசி வைரஸ். மனிதருக்குத் தொற்றாது, மற்றப் பூனைகளுக்கு வேகமாகத் தொற்றும். இளஞ்சூட்டு நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணையும் மூக்கையும் துடையுங்கள். மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரியாது, அதனால்தான் சாப்பிடாது. கீரி மீனை அவித்து, முள் எடுத்து, சூடாக வையுங்கள். ஒருநாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

மகள் மூன்று மாதக் கர்ப்பிணி. பூனையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள். (காத்தான்குடி)

கொடுக்க வேண்டாம், சகோதரி. நீங்கள் பயப்படுவது டொக்ஸோபிளாஸ்மாவுக்கு, வயிற்றுப் பிள்ளையைத் தாக்கக்கூடிய ஒரு கிருமி. அது பூனையைத் தடவுவதால் வருவதில்லை. நோயுள்ள பூனையின் மலத்தில் வெளியேறும் கிருமி, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது வேண்டும். ஆகவே மண்பெட்டியைத் தினமும் வேறொருவர் துப்புரவாக்கட்டும். அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத கீரை, தோட்டத்து மண் ஆகியவற்றாலும் இது வரும். அந்தப் பக்கத்தையும் கவனியுங்கள். மகளின் கிளினிக்கிலும் சொல்லிவையுங்கள்.

ஊசி போட்ட குட்டி என்றுதான் தந்தார்கள். அன்றைக்கே வீட்டுப் பூனைகளோடு விட்டோம். ஆறாம் நாள் குட்டி செத்தது. இப்போது பெரிய பூனையும் சத்தி எடுக்கிறது. (கல்லடி)

இதை வாசித்ததும் முதலில் பெரிய பூனையைக் கொண்டுபோங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

எந்த ஊசி? பல வருடமாக நான் கேட்டுக் களைத்த கேள்வி இது. இலவச முகாமில் போடுவது விசர்நாய்க்கடி நோய்க்கான ஊசி. அது கட்டாயம் வேண்டும். ஆனால் அது அந்த ஒரு நோயைத்தான் தடுக்கும். உங்கள் குட்டியைக் கொன்றது பெரும்பாலும் பான்லியுகோபீனியா, அதாவது பூனைப் பார்வோ. அதற்கும் சளிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் ஊசி வேறு. எட்டு வாரமளவில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும்வரை போட வேண்டும். ஒன்று போட்டால் காணாது.

குட்டியோடு தந்த ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஊசிக் குப்பியிலிருந்து உரித்த சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும், பக்கத்தில் திகதி இருக்க வேண்டும். "தடுப்பூசி ஏற்றப்பட்டது" என்று ஒற்றை வரி மட்டும் எழுதியிருந்தால் அதை ஊசியாகக் கணக்கெடுக்க வேண்டாம். இப்படி ஒற்றை வரி எழுதிய அட்டையோடு ஒரு குட்டி என்னிடம் வந்தது. தண்ணீர்க் கோப்பையின் விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தது. தாகம் இருக்கிறது, நக்க முடியவில்லை. அந்த இருப்பைக் கண்டாலே எனக்கு நெஞ்சு பதறும். குட்டியும் போய், அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்த மூன்றில் இரண்டும் போயின. தனி அறையில் வைத்திருந்தால் அந்த இரண்டும் மிஞ்சியிருக்கும். இந்த நோய் உள்ளே இருந்தால் பத்து நாளைக்குள் வெளியே தெரிந்துவிடும். 14 நாள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இந்தப் பார்வோ வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடமளவு கிடக்கும். டெட்டோலுக்குச் சாகாது, டெட்டோல் பூனைக்கே நஞ்சு. முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி குளோரக்ஸ் (துணி வெளுக்கும் திரவம்) கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். குட்டி படுத்த சாக்கையும் பெட்டியையும் எரித்துவிடுங்கள். ஊசி முழுதாக முடியாத பூனையை அந்த வீட்டுக்கு இனி எடுக்க வேண்டாம்.

பூனைக்குச் சுகமில்லை. என்ன மருந்து? (ஊர் எழுதவில்லை)

வயது, சாப்பாடு, மலம், எத்தனை நாள் என்று எதுவுமே எழுதாமல் மருந்து கேட்டால் நான் எதைச் சொல்வது? வைத்தியரிடம் காட்டுங்கள்.

மகனின் கையில் வட்டமாகச் சிவந்திருக்கிறது. பூனைக்கும் காதோரம் மயிர் கொட்டுகிறது. பாமசியில் தந்த கிறீம் பூச, கூடிவிட்டது. (அக்கரைப்பற்று)

படர்தாமரை. இது பங்கசு, அதாவது பூஞ்சை. பூனையிலிருந்து பிள்ளைக்கு ஒட்டும். பாமசியில் தந்தது ஸ்டீரொயிட் கிறீமாக இருக்கும். அது முதலில் அரிப்பைக் குறைத்துப் பிறகு பங்கசை வளர்த்துவிடும். நிறுத்துங்கள். மகனுக்கும் பூனைக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் நடக்க வேண்டும். கொட்டிய மயிரில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தினமும் கூட்டி, ஈரத்துணியால் துடையுங்கள். இந்தப் பூனைக்கு 14 நாள் போதாது. வைத்தியர் சொல்லும்வரை தனி அறைதான்.

புதுப் பூனை கடித்துவிட்டது. பூனைக்கு விசர் வராதுதானே? சுண்ணாம்பு தடவியிருக்கிறோம். (கல்முனை)

வரும். வந்தால் பிழைப்பதில்லை. சுண்ணாம்பைக் கழுவுங்கள், ஓடும் தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, 15 நிமிடம். இன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். பூனையை விரட்டவோ கொல்லவோ வேண்டாம். பத்து நாள் அடைத்து வைத்துப் பாருங்கள். அதற்குள் செத்தால் ஆஸ்பத்திரிக்கும் பி.எச்.ஐ.க்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) உடனே அறிவியுங்கள்.

'பூனை எயிட்ஸ்' என்கிறார்கள், எங்களுக்கு வருமா? (திருக்கோவில்)

வராது. பூனைக்குப் பூனை, பெரும்பாலும் கடியால்தான் பரவும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குப் பரிசோதனையில் 'இருக்கு' என்று வந்தால் பயப்படாமல், ஆறு மாதம் தாண்டியபின் திரும்பச் செய்யுங்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் பொருளைப் பரிசோதனை காட்டியதாகவும் இருக்கலாம்.

தெள்ளு நிறைய. நாய்க்கு வாங்கிய மருந்து மிச்சம் இருக்கிறது. (செங்கலடி)

தொடாதீர்கள். நாய் மருந்து சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பட்டால் பூனைக்கு வலிப்பு வந்து சாகும். பூனைக்கென்று கேட்டு, நிறையைச் சொல்லி வாங்குங்கள். குடற்புழு மருந்தையும் கூடவே கேளுங்கள், தெள்ளு இருந்தால் நாடாப்புழுவும் வரும்.