விரிசல் கணக்குகள்: சில கேள்விகள், பதில்கள்

விரிசல் உள்ள தகட்டைக் கணினியில் மாடல் செய்தேன். மெஷ்ஷை, அதாவது தகட்டைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையை, பொடியாக்கப் பொடியாக்க, விரிசல் நுனியில் தகைவு (ஓரலகு பரப்பில் உள்ள விசை) ஏறிக்கொண்டே போகிறது. எங்கே தவறு?

தவறே இல்லை. மீள்தன்மைக் கணக்கில், கூரான நுனியை நெருங்க நெருங்க, தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் தகைவு ஏறும். எலிமென்ட் (மெஷ்ஷின் ஒரு துண்டு) அளவைக் கால்வாசியாக்குங்கள், நுனியில் காட்டும் தகைவு எண் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆகவே அதைப் பொருளின் வலிமையோடு ஒப்பிடவே கூடாது. (வண்ணப் படத்தில் நுனியில் தெரியும் அந்தச் சிவப்புப் புள்ளியை அப்படியே அறிக்கையில் ஒட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!) ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் கண்ணாடியை உடைத்துப் பார்த்து 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் கேள்வியையே மாற்றிவிட்டார்: விரிசல் இன்னும் கொஞ்சம் நீண்டால் எவ்வளவு ஆற்றல் விடுபடும், புதுப் பரப்பு உண்டாக அது போதுமா? நீங்களும் அந்த ஆற்றலைக் கணக்கிட்டுத் தரும் ஜே-தொகையீட்டை எடுங்கள். நுனியைச் சுற்றி ஐந்தாறு வளையங்களில் கணக்கிட்டு, நுனியை ஒட்டிய முதல் வளையத்தைத் தள்ளிவிடுங்கள். மற்றவை ஒத்துப்போனால் மெஷ் போதும்.

விரிசல் வளர்வதைக் கணினியில் கணக்கிட கொஹெசிவ் எலிமென்ட், எக்ஸ்-ஃபெம், ஃபேஸ் ஃபீல்டு என்ற மூன்று முறைகளில் எது நல்லது?

விரிசல் போகும் வழி முன்பே தெரிந்தால், உதாரணமாகப் பசை ஒட்டிய இடம் என்றால், கொஹெசிவ். அந்த வழியில் முன்பே வைத்துவிடும், இழுத்தால் பிரியும் எலிமென்ட்டுகள் இவை. ஒற்றை விரிசல் வளைந்து போகும் என்றால் எக்ஸ்-ஃபெம். அது மெஷ்ஷை மாற்றாமலே எலிமென்ட்டை ஊடறுத்துப் போகும். கிளை பிரியும், ஒன்றோடொன்று சேரும் என்றால் ஃபேஸ் ஃபீல்டு. அதில் விரிசல் ஒரு கோடல்ல. சேதம் 0-இலிருந்து 1 வரை ஏறும் மெல்லிய பட்டை. அந்தப் பட்டைக்குள் பல எலிமென்ட்டுகள் விழ வேண்டும் என்பதால் கணினி திணறும். பழகாதவர்கள் எடுத்த எடுப்பிலேயே இதில் இறங்க வேண்டாம்.

மாறி மாறி வரும் சுமை இரட்டித்தால் ஆயுள் பாதியாகுமா?

அவ்வளவு தாராளம் கிடையாது. ஒவ்வொரு சுழற்சிக்கும் விரிசல் வளரும் அளவு, சுமை வீச்சின் ஓர் அடுக்குக்கு விகிதமாக இருக்கும் என்பது பாரிஸ் விதி. அதில் எஃகுக்கு அடுக்கு 3-ஐ ஒட்டி வரும். சுமை வீச்சு இரட்டித்தால் விரிசல் எட்டு மடங்கு வேகத்தில் வளரும். ஆயுள் சுமார் எட்டில் ஒன்று.

நுனியில் துளை போட்டால் விரிசல் நின்றுவிடுமா?

கூர்மை போய்விடுவதால் கொஞ்ச காலம் நிற்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் முனை பெரும்பாலும் உண்மையான நுனி அல்ல. சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி தூவுங்கள். பொடியில் கசியும் சிவப்புக் கோடு எங்கே முடிகிறதோ, அதையும் தாண்டிக் கொஞ்சம் தள்ளித் துளையிடுங்கள். நுனி துளைக்கு வெளியே மாட்டிக்கொண்டால் பாடுபட்டதெல்லாம் வீண்.