பயிற்சி வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லையே!

கேள்வி: பயணச் செலவுக் கணக்கைப் புதிய மென்பொருளில் பதிவது எப்படி என்று சக ஊழியர்களுக்கு இரண்டு மணி நேர வகுப்பு எடுக்கிறேன். அரை மணி தாண்டினாலே பலர் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். “சந்தேகம் இருக்கா?” என்றால் மௌனம்தான். நடுநடுவே ஜோக் சொன்னால் சரியாகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஜோக் வேண்டாம், சகோதரி. சிரித்து முடித்ததும் திரும்பச் செல்போனுக்கே போய்விடுவார்கள். உட்கார்ந்து கேட்பதைத் தவிர அவர்களுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. சிக்கல் அதுதான்.

“சந்தேகம் இருக்கா?” என்பதை முதலில் விடுங்கள். மேலாளர் பின்வரிசையில் இருக்கும்போது ‘எனக்குப் புரியவில்லை’ என்று கை தூக்க யாருக்கு மனம் வரும்? அதற்குப் பதிலாக, நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்த ஒரு கணக்கைப் பெயரை மறைத்துத் திரையில் போடுங்கள். “இது ஏன் திரும்பி வந்தது? பக்கத்தில் இருப்பவரோடு பேசிக் கண்டுபிடியுங்கள்” என்று சொல்லி இரண்டு நிமிடம் கொடுங்கள். ரசீதில் தேதி இல்லை, தொகை ஒத்துப்போகவில்லை, ஒப்புதல் விட்டுப்போயிருக்கிறது என்று அவர்களே அடுக்குவார்கள். இருவராகப் பேசி வைத்த பதிலை எல்லோர் முன்னும் சொல்வதில் கூச்சம் குறைவு. என் வகுப்புகள் இப்படித்தான் தொடங்கும்; அறிமுகமெல்லாம் பிறகுதான்.

கேட்டுவிட்டு, தயவுசெய்து காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். 3 நொடி பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பெரியவர்களுக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவை என்பது என் அனுபவம். அந்த அமைதி உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும், யோசிப்பவர்களுக்குத் தெரியாது.

மேலாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வந்தால் அவரும் ஒரு கணினி முன் உட்கார்ந்து தன் கணக்கைப் பதியட்டும்.

இன்னொன்று, மென்பொருளில் உள்ள எல்லாவற்றையும் காட்ட நினைக்காதீர்கள். ஒவ்வொருவரும் தம் கடைசிப் பயணத்தின் ரசீதுகளைக் கொண்டுவந்து அங்கேயே பதிந்து அனுப்பட்டும். எங்கே தடுமாறுகிறார்களோ, அங்கே மட்டும் நீங்கள் விளக்கினால் போதும். ஒரு மணி நேரத்தில் வகுப்பே முடிந்துவிடும்.