‘பை ஃப்ரைடே’யா, ‘வித்தின் ஃப்ரைடே’யா?

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் ‘ஐ வில் சென்ட் தி ரிப்போர்ட் வித்தின் ஃப்ரைடே’ என்று எழுதினேன். மேலாளர் ‘வித்தின்’ என்பதை அடித்துவிட்டு ‘பை’ என்று திருத்தினார். ‘பை’ என்றால் ‘ஆல்’ என்றுதானே பள்ளியில் படித்தோம்? அகராதியைத் திறந்தால் அதற்கு வரிசையாகப் பல பொருள்கள். ‘வித்’ எங்கே வரும், ‘பை’ எங்கே வரும் என்பதும் எனக்கு எப்போதும் குழப்பம்தான். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உங்கள் மேலாளர் திருத்தியது சரி. ஆனால் நீங்கள் அப்படி எழுதியதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தமிழில் ‘இரண்டு நாளுக்குள்’ என்கிறோம், ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் அதே ‘உள்’தான். ஆங்கிலம் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. இரண்டு நாள், ஒரு வாரம், மூன்று மணி நேரம் என்று நீளமுள்ள ஒரு காலத்தைச் சொன்னால் ‘வித்தின்’. வெள்ளிக்கிழமை, 5 மணி, மாதக் கடைசி என்று நாட்காட்டியிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய கெடுவைச் சொன்னால் ‘பை’. ஆகவே ‘வித்தின் டூ டேஸ்’, ‘பை ஃப்ரைடே’.

கெடு என்று வந்தாலே இன்னொரு சொல்லும் குறுக்கே வரும்: ‘அன்டில்’, அல்லது அதே பொருள் தரும் ‘டில்’. இங்கே தமிழ் நமக்குத் துணை நிற்கிறது. தமிழில் ‘வரை’ என்று சொல்கிற இடத்தில் ‘அன்டில்’, ‘க்குள்’ என்று சொல்கிற இடத்தில் ‘பை’. ‘வெள்ளி வரை ஊரில் இருப்பேன்’ என்றால் இருப்பது என்ற வினை வெள்ளி வரைக்கும் நீள்கிறது, அதனால் ‘அன்டில் ஃப்ரைடே’. ‘வெள்ளிக்குள் ஊர் திரும்புவேன்’ என்றால் திரும்புவது ஒரு கணத்தில் நடந்து முடிகிற காரியம், அதனால் ‘பை ஃப்ரைடே’. வினை நீள்கிறதா, முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

எதிர்மறையில்தான் இது ஆளைக் கவிழ்க்கும். ‘ஐ வோன்ட் ஃபினிஷ் பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்குள் முடிக்க மாட்டேன். எப்போது முடிப்பேன் என்பதற்கு அதில் விடை இல்லை. ‘ஐ வோன்ட் ஃபினிஷ் அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கு முன்னால் முடியாது, வெள்ளியன்று முடிந்துவிடும். முதலாவது மேலாளரைக் கவலைப்பட வைக்கும், இரண்டாவது அவருக்கு ஒரு தேதியைக் கொடுக்கும். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம்.

சரி, ‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமையும் அதில் சேர்த்தியா? பொதுவாகச் சேர்த்திதான். ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழனோடு கெடு முடிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் கையில் இருக்க வேண்டுமா, இரவு பதினொன்றரைக்கு அனுப்பினாலும் போதுமா என்பதை ‘பை’ சொல்லாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் முட்டிக்கொள்கிறார்கள். அதனால் நீங்கள் எழுதும்போது ‘பை 5 பி.எம். ஆன் ஃப்ரைடே’ என்று நேரத்தையும் போட்டுவிடுங்கள். பிறர் உங்களுக்கு வெறும் ‘பை ஃப்ரைடே’ என்று அனுப்பினால், எத்தனை மணிக்குள் என்று ஒரு வரி கேட்டுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இதோடு ஒட்டி வருவது ‘பை தி டைம்’. ‘நீங்கள் வந்து சேர்வதற்குள்’ என்பதற்கு ‘பை தி டைம் யூ வில் ரீச்’ என்று எழுதுகிறோம். அந்த ‘வில்’ அங்கே கூடாது. ‘பை தி டைம் யூ ரீச், ஐ வில் ஹேவ் லெஃப்ட்’: ‘வில்’ இரண்டாம் பாதியில் மட்டும்தான்.

இனி உங்கள் பெரிய கேள்வி. ‘பை’ வந்தாலே ‘ஆல்’ என்று தமிழில் மாற்றிக்கொள்ளும் பழக்கத்தை முதலில் விடுங்கள். அது இந்தச் சொல்லுக்கு வேர்ப்பொருளே அல்ல. ‘பை’யின் பழைய பொருள் ‘பக்கத்தில்’ என்பதுதான். ஜெர்மன் மொழியில் இதன் உறவுச்சொல் ஏறக்குறைய இதே ஒலியோடு இன்றும் ‘அருகில்’ என்ற பொருளைத் தாங்கி நிற்கிறது. செய்தவரைக் குறிக்கும் வேலையை முந்தைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘ஃப்ரம்’, ‘ஆஃப்’ போன்ற சொற்கள் பார்த்துவந்தன. 1611இல் வெளியான ஆங்கில பைபிளில்கூட, இன்று ‘வார்ன்ட் பை காட்’ என்று எழுதக்கூடிய இடத்தில் ‘வார்ன்ட் ஆஃப் காட்’ என்றுதான் இருக்கிறது. ‘பிகாஸ்’ என்கிறோமே, அதன் தலையில் இருக்கும் ‘பி’யும் இந்தப் ‘பை’தான், ‘பை காஸ்’ ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லானது.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? ‘பை’யைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள். பின்னால் நேரம் வந்தால் கெடு. ஆள் வந்தால் செய்தவர். எண் வந்தால் பெரும்பாலும் வித்தியாசம். இடமோ பொருளோ ‘தி’யோடு வந்தால் பெரும்பாலும் ‘பக்கத்தில்’. வண்டி ‘தி’ இல்லாமல் வந்தால் பயணிக்கும் வழி. ‘இங்’ என்று முடியும் வினை வந்தால் ஒரு காரியத்தைச் செய்யும் முறை. பத்தில் எட்டு இடங்களில் இந்தப் பார்வையே கரைசேர்த்துவிடும்.

‘தி’ எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். ‘ஐ கேம் பை பஸ்’ என்றால் பேருந்தில் வந்தேன். ‘ஐ ஸ்டுட் பை தி பஸ்’ என்றால் பேருந்துக்குப் பக்கத்தில் நின்றேன். ‘பை கார்’, ‘பை ட்ரெயின்’, ‘பை போஸ்ட்’, ‘பை ஃபோன்’ எல்லாமே மொட்டையாகத்தான் வரும். எந்தக் கார், எந்த ரயில் என்று குறிப்பிட ஆரம்பித்தால் ‘பை’ விலகிக்கொள்ளும்: ‘இன் மை கார்’, ‘ஆன் தி 8 ஓ கிளாக் ட்ரெயின்’. நம்மில் பலர் சொல்லும் ‘ஐ கேம் பை வாக்’ மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. ‘ஆன் ஃபுட்’ என்று சொல்லலாம். அதைவிட ‘ஐ வாக்ட்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடலாம்.

‘வித்’ விஷயத்துக்கு வருகிறேன். இதில் உங்களைக் குழப்புவது ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் என்பேன். நம் மூன்றாம் வேற்றுமையை நினைத்துப் பாருங்கள். ஆல், ஆன், ஒடு, ஓடு என்று உருபுகளை அடுக்கிவிட்டு, கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி மூன்றும் அதன் பொருள் என்கிறது நன்னூல். செய்தவர், செய்ய உதவிய கருவி, கூட வந்தவர் எல்லாரும் நமக்கு ஒரே வேற்றுமைக்குள் அடக்கம். ஆங்கிலம் செய்தவரை மட்டும் ‘பை’யிடம் கொடுத்துவிட்டு, கருவியையும் கூட வந்தவரையும் ‘வித்’திடம் விட்டிருக்கிறது. ‘கத்தியால் வெட்டினான்’ என்றால் ‘வித் எ நைஃப்’. ‘சிறுவனால் வெட்டப்பட்டது’ என்றால் ‘பை எ பாய்’.

நுணுக்கம் ஒன்றும் இதில் உண்டு. ‘தி விண்டோ வாஸ் புரோக்கன் பை எ பால்’ என்றால் பந்து வந்து பட்டு ஜன்னல் உடைந்தது. யார் எறிந்தார்கள் என்ற பேச்சே இல்லை, பந்துதான் குற்றவாளி. ‘வித் எ பால்’ என்றால் யாரோ ஒருவர் பந்தைக் கையில் எடுத்து அதைக்கொண்டு உடைத்திருக்கிறார். ஆளைச் சொல்லாவிட்டாலும் ஆள் பின்னால் நிற்கிறார். காப்பீட்டுக்கு எழுதும்போதோ புகார் எழுதும்போதோ இந்த வித்தியாசம் பொருட்படுத்த வேண்டியதுதான். ‘பை ஹேண்ட்’ போன்றவை விலக்கு என்று தோன்றும். உண்மையில் அங்கே கையைக் கருவியாகச் சொல்லவில்லை, இயந்திரம் இல்லாமல் செய்யும் முறையைச் சொல்கிறோம். அதனால்தான் ‘தி’யும் இல்லை, ‘மை’யும் இல்லை.

‘ஆல்’ இத்தோடு நிற்கவில்லை. ‘மழையால் ஆட்டம் நின்றது’ என்பதில் அது காரணம். ‘பிகாஸ் ஆஃப் ரெயின்’ என்று எழுதினால் உறுத்தாது. ‘காய்ச்சலால் வரவில்லை’ என்பதை ‘பை ஃபீவர்’ என்று எழுதவே கூடாது. ‘பிகாஸ் ஆஃப்’ அல்லது ‘டியூ டு’. ‘என்னால் வர முடியாது’ என்பதில் அது இயலுமை. அதை அப்படியே பெயர்த்து ‘இட் இஸ் நாட் பாசிபிள் பை மீ’ என்று எழுதிய விடுப்புக் கடிதங்களை நிறையப் பார்க்கலாம். ‘ஐ காண்ட் கம்’, கொஞ்சம் மரியாதையாக ‘ஐ வோன்ட் பி ஏபிள் டு கம்’, அவ்வளவுதான் வேண்டும். அதேபோல ‘தி ஃபார்ம் வாஸ் ஃபில்ட் பை மீ’ என்று எழுதுவது இலக்கணப் பிழை இல்லை, ஆனால் காவல்நிலைய வாக்குமூலம் மாதிரி ஒலிக்கும். ‘ஐ ஃபில்ட் இன் தி ஃபார்ம்’ என்று நேராகவே சொல்லலாம். செய்தவர் யார் என்பது முக்கியமில்லாதபோது ‘பை’யையும் ஆளையும் சேர்த்தே விட்டுவிடலாம், செயப்பாட்டு வினையின் வசதியே அதுதான்.

எண்களுக்கு முன்னால் வரும் ‘பை’க்குக் கவனம் கொஞ்சம் கூடுதலாகத் தேவை, தவறினால் கணக்கே மாறிவிடும். 100 பக்க அறிக்கையை ‘ரிடியூஸ் இட் பை 20 பேஜஸ்’ என்றால் 80 பக்கம் மிஞ்ச வேண்டும். ‘ரிடியூஸ் இட் டு 20 பேஜஸ்’ என்றால் 20 பக்கம்தான் மிஞ்ச வேண்டும். ‘பை’ எவ்வளவு மாறியது என்பதைச் சொல்லும், ‘டு’ எங்கே போய் நின்றது என்பதைச் சொல்லும். ஒரு விகிதம் 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்துக்கு ஏறினால், ஏறியது 10 சதவீதப் புள்ளி. அதைப் ‘பை 10 பர்சென்ட்’ என்று எழுதினால், 40இல் பத்தில் ஒரு பங்கு கூடி 44 ஆனது என்று படிப்பவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. ‘பை 10 பர்சென்டேஜ் பாயிண்ட்ஸ்’ என்று எழுதுங்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்தப் ‘பை’ பழகியதுதான்: ‘வன் பை 6 விக்கெட்ஸ்’, ‘லாஸ்ட் பை 30 ரன்ஸ்’.

அறையின் அளவைச் சொல்லும் ‘12 பை 10’ உலகம் முழுக்கச் செல்லும். ஆனால் நாம் முக்காலை ‘த்ரீ பை ஃபோர்’ என்று படிப்பதும், கதவு எண்ணில் வரும் சாய்கோட்டைப் ‘பை’ என்று வாசிப்பதும் இந்திய ஆங்கில வழக்கம். நம்மவர்களுக்குள் அதில் தவறே இல்லை. வெளிநாட்டவரிடம் தொலைபேசியில் பேசும்போது முக்காலுக்கு ‘த்ரீ குவார்ட்டர்ஸ்’ அல்லது ‘த்ரீ ஓவர் ஃபோர்’, சாய்கோட்டுக்கு ‘ஸ்லாஷ்’. இல்லையென்றால் மூன்றுக்கு நான்கு அளவுள்ள ஏதோ ஒன்று என்று அவர் நினைத்துக்கொள்வார். ‘24 பை 7’ கூட அப்படித்தான். அவர்கள் ‘ட்வென்டி ஃபோர் செவன்’ என்று நிறுத்திக்கொள்கிறார்கள்.

அளவைச் சொல்லும் இடத்தில் ‘தி’ மறுபடி தலைகாட்டும். மணிக்கணக்கில் சம்பளம் ‘பை தி அவர்’, டஜன் கணக்கில் விற்பனை ‘பை தி டஜன்’. எடை என்று பொதுவாகச் சொன்னால் மட்டும் ‘பை வெயிட்’. இதற்கு நியாயம் கேட்டால் நீண்ட விளக்கம் வரும், அப்படியே பழகிக்கொள்வது சுலபம்.

‘பை லா’, ‘பை மை வாட்ச்’, ‘பை தி ரூல்ஸ்’ ஆகியவற்றுக்கு நம் ‘படி’ கச்சிதமாகப் பொருந்தும்: சட்டப்படி, என் கடிகாரத்தின்படி, விதிப்படி. ‘ஒன் பை ஒன்’, ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையே இல்லை. ‘பை மிஸ்டேக்’, ‘பை ஆக்சிடென்ட்’, ‘பை சான்ஸ்’ என்று மூன்று வந்துவிட்டதே என்று நான்காவதாகப் ‘பை பர்ப்பஸ்’ என்று போட்டுவிடாதீர்கள். வேண்டுமென்றே செய்தது ‘ஆன் பர்ப்பஸ்’. தனியாகச் செய்தேன் என்பதற்கு ‘பை மைசெல்ஃப்’ சரி, ‘ஆன் மை ஓன்’ சரி, ஆனால் இரண்டையும் கலந்து ‘பை மை ஓன்’ என்றால் தவறு.

வினையோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘பை’க்கு மட்டும் என் சூத்திரம் செல்லாது. ‘ஸ்டாண்ட் பை’ என்றால் தயாராகக் காத்திரு. அதுவே ‘ஸ்டாண்ட் பை எ ஃபிரெண்ட்’ என்றால் நண்பனைக் கைவிடாமல் இருப்பது. ‘கம் பை’ என்றால் கிடைக்கப்பெறுவது, ‘கெட் பை’ என்றால் இருப்பதை வைத்து ஓட்டுவது, ‘டிராப் பை’ என்றால் போகிற போக்கில் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போவது. இவற்றை வினையோடு சேர்த்து ஒரே சொல்லாகப் படியுங்கள். அகராதியிலும் ‘பை’ என்ற தலைப்பில் தேடினால் நெடுநேரம் தேட வேண்டியிருக்கும். ‘ஸ்டாண்ட்’, ‘கெட்’ என்ற தலைப்புகளின் கீழ் தேடினால் உடனே கிடைக்கும்.