திருவருகைக் கால வளையத்தில் ஒரு மெழுகுதிரி மட்டும் ஏன் இளஞ்சிவப்பு?

கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் வாரங்கள்தான் திருவருகைக் காலம். அதன் 4 ஞாயிறுகளுக்கு வளையத்தில் 4 திரிகள்: மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. ஊதா, காத்திருப்புக்கும் மனமாற்றத்துக்கும் உரிய நிறம். அந்த ஞாயிறுகளில் கத்தோலிக்கத் திருப்பலியில் (பூசையில்) 'வானவர் கீதம்' என்ற புகழ்ப்பாடலைக் கூடப் பாடுவதில்லை. மூன்றாம் ஞாயிறு மட்டும் மகிழ்ச்சி ஞாயிறு. ஆண்டவரில் மகிழும்படி திருத்தூதர் பவுல் பிலிப்பி நகரக் கிறிஸ்தவர்களுக்கு எழுதியதுதான் அன்றைய வருகைப் பல்லவி, அதாவது திருப்பலியின் தொடக்க வரி. அதற்குத்தான் இளஞ்சிவப்பு.

எனக்கு இந்தக் காலத்தில் மிகவும் பிடித்தது காலியான தீவனத் தொட்டி. எங்கள் பங்குக் கோயிலில், இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் குடிலை முன்பே கட்டிவிடுவோம். வைக்கோல், மாடு, மரியா, யோசேப்பு எல்லாம் இருக்கும், குழந்தை மட்டும் இருக்காது. 24ஆம் தேதி நள்ளிரவில் மணிகள் அடிக்க, வானவர் கீதம் எழும்போது, குழந்தை சுரூபத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். வாரக்கணக்கில் அந்த வெறும் வைக்கோலைப் பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைத்துவிடும்.

அப்புறம், விழாக்காலம் 25ஆம் தேதியோடு முடிவதில்லை; ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீளும்.