ஊர் மக்களே தீயணைப்புப் படை அமைக்கும் வழக்கம் எப்படி வளர்ந்தது?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரமே இதற்குத் தெளிவான சான்று. அங்கே 1736-இல் பெஞ்சமின் பிராங்க்ளினும் அவருடைய நண்பர்களும் யூனியன் தீயணைப்புக் குழுவைத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, ஒவ்வோர் உறுப்பினரும் தோல் வாளிகளையும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை அள்ளி வெளியே கொண்டுவர உறுதியான துணிப்பைகளையும் எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். தீயை அணைப்பதைப் போலவே உடைமைகளைக் காப்பதும் கடமையாகக் கருதப்பட்டது என்பதை இந்தப் பைகளே காட்டுகின்றன. என் பார்வையில், அயலார் மீதிருந்த அக்கறை இதில்தான் மிக நன்றாக வெளிப்படுகிறது.

நீர்நிலையிலிருந்து மக்கள் வரிசையாக நின்று, நிறைந்த வாளிகளைக் கைமாற்றி அனுப்ப, காலி வாளிகள் இன்னொரு வரிசையில் திரும்பின. மாதக் கூட்டத்துக்கு வராதவர்களிடம் வாங்கிய அபராதத் தொகையே ஏணி, கொக்கி, நீரிறைக்கும் எந்திரம் ஆகியவற்றை வாங்கப் பயன்பட்டது. சேர விரும்பியவர்கள் பெருகியபோது, ஒரே குழுவைப் பெரிதாக்காமல் புதிய குழுக்களை அமைக்கச் சொன்னார்கள். அது மிகச் சரியான முடிவு.

பிற்காலத்தில் குழுக்களுக்கிடையே போட்டி முற்றி, தெருச் சண்டைகளும் மூண்டன. கையால் இயக்கும் எந்திரங்களுக்கு நிறைய ஆட்கள் தேவைப்பட்டார்கள். நீராவி எந்திரங்கள் வந்தபின் அந்தத் தேவை குறைந்தது. அமெரிக்காவின் இன்னொரு நகரமான சின்சினாட்டி 1853-இல் ஊதியம் பெறும் படைக்கு மாறியது. பிலடெல்பியா 1871-இல் மாறியது. ஆயினும் அமெரிக்காவின் சிற்றூர்களில் இன்றும் தன்னார்வலர்களே பெரும்பாலும் இப்பணியைச் செய்கிறார்கள்.