வீடு காலி செய்வதை ஓனரிடம் போனில் சொன்னால் போதாதா, கடிதமும் கொடுக்க வேண்டுமா?

கேட்டவர் சொல்லியிருக்கும் நிலவரம்: சென்னையில் வாடகை வீடு, 11 மாத அக்ரிமெண்ட், இரண்டு மாத நோட்டீஸ். மே 31-ல் காலி செய்ய வேண்டும். ஓனரிடம் போனில் சொல்லியாயிற்று, அவரும் "சரிப்பா" என்றுவிட்டார்.

கடிதம் கொடுங்கள். அவர் நல்லவராக இருந்தாலும் கொடுங்கள். நாங்கள் கொடுக்காமல் 9,000 ரூபாய் இழந்தோம். அந்தப் பணத்தைவிட, நான்கு வருடம் சொந்தம் மாதிரி பழகிய ஒரு குடும்பத்தோடு பேச்சு நின்றுபோனதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

2014-ல் ஆதம்பாக்கத்தில் இருந்தோம். வாடகை 9,000, அட்வான்ஸ் 90,000. ஜூன் பாதியில் ஓனர் பெரியவருக்கு என் கணவர் போன் செய்து, "ஆடியில வீடு மாத்த முடியாது சார், ஆவணி பொறந்ததும் காலி பண்ணிடறோம்" என்றார். "அதுக்கென்னப்பா, பாத்துக்கலாம்" என்றார் அவர். ஆவணி முதல் வாரத்தில் சாமான்களை ஏற்றிவிட்டு அட்வான்ஸ் வாங்கப் போனபோது கணக்குப் பார்த்தது அவருடைய மகன். "நீங்க ஆடியிலதானே சொன்னீங்க, ஒரு மாச நோட்டீஸ் குறையுது" என்று ஒரு மாத வாடகையைக் கழித்தார். பெயிண்டிங்குக்கு ஒரு மாதம் கழித்தது அக்ரிமெண்டில் இருந்ததுதான், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. பெரியவரோ, "எப்ப சொன்னாங்கன்னு எனக்கு ஞாபகம் இல்லையேப்பா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டார். போனில் கால் பதிவைக் காட்டினோம். பேசினோம் என்பதற்குத்தான் அது சாட்சி, என்ன பேசினோம் என்பதற்கு இல்லையே. 72,000 கைக்கு வந்தது.

முதலில் உங்கள் அக்ரிமெண்டை எடுத்து நோட்டீஸ் பற்றிய வரியைப் படியுங்கள். எத்தனை மாதம், குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருந்தே ஆகவேண்டும் என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அக்ரிமெண்டில் ஒன்றுமே சொல்லாத மாத வாடகை வீட்டுக்கு, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 106-ஆவது பிரிவில் 15 நாள் நோட்டீஸ் வைத்திருக்கிறது. அது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரின் கையெழுத்து இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், நாள் எண்ணத் தொடங்குவது கடிதம் எழுதிய தேதியிலிருந்து அல்ல, அது அவருக்குக் கிடைத்த தேதியிலிருந்து. தேதி போட்டுவிட்டு ஒரு வாரம் பையிலேயே வைத்திருந்தால் அந்த ஒரு வாரம் கணக்கில் வராது.

கடிதத்துக்கு வக்கீல் தேவையில்லை. நான் எழுதியது இவ்வளவுதான்: "இந்தத் தேதியிட்ட அக்ரிமெண்ட்படி உங்கள் இந்த முகவரி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இந்தத் தேதியில் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறோம். அதுவரையிலான வாடகையைக் கட்டிவிடுவோம். நாங்கள் கொடுத்த அட்வான்ஸ் இவ்வளவு. அக்ரிமெண்ட்படி பிடித்தம் போக மீதியை இந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்." காலி செய்யும் காரணத்தை எழுத வேண்டியதில்லை. கோபம் ஏதாவது இருந்தாலும் இந்தத் தாளில் அது வேண்டாம்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அவருக்கு. இன்னொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு அவர் கையெழுத்து. அக்ரிமெண்டில் ஓனர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே எழுதுங்கள். வாடகையை ஜிபேயில் வாங்குவது மகனாகவோ மருமகளாகவோ இருக்கலாம், அது வேறு. வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் அனுப்பி வையுங்கள், ஆனால் கடிதத்துக்குப் பதிலாக அல்ல. வாங்க மறுத்தாலோ வெளியூரில் இருந்தாலோ அக்ரிமெண்டில் உள்ள முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட். பதிவுத் தபாலை 2025-ல் அதோடு இணைத்துவிட்டார்கள். மறுத்துத் திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

"கடிதம் நீட்டினால் சந்தேகப்படுகிறோம் என்று நினைக்க மாட்டாரா?" என்று நீங்கள் கேட்டிருப்பதுதான் எனக்குப் புரிகிற தயக்கம். அடுத்து இருந்த மடிப்பாக்கம் வீட்டின் ஓனர் ஒரு ரிடையர்டு டீச்சர். நவம்பர் கடைசியில் கடிதத்தோடு போய் நின்றேன். அங்கே ஒரு மாத நோட்டீஸ். "நமக்குள்ள எதுக்கும்மா லெட்டர்?" என்று அவர் முகம் வாடியது. "எனக்கே தேதி மறந்துடும்மா. ரெண்டு பேர் கையிலும் ஒண்ணு இருக்கட்டும்" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். டிசம்பர் 31 என்ற இடத்தில் நின்று, "மார்கழியில யாரும் வீடு பாக்க வர மாட்டாங்களே. தை பொறந்ததும் போங்களேன், ஜனவரிக்கு அரை மாச வாடகை குடுத்தா போதும்" என்றார். எங்களுக்கும் அதுதான் வசதி. அதே தாளில் அவரே தன் கையால் எழுதினார்: ஜனவரி 15, அரை மாத வாடகை. இருவரும் கையெழுத்துப் போட்டோம். வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் அந்தச் சலுகையை ஜனவரியில் யார் எப்படி ஞாபகம் வைத்திருப்போம்?

கடைசி இரண்டு மாத வாடகையை "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நாமே நிறுத்திவிடுவது சரியில்லை. அவர் சம்மதித்தால் மட்டும், அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிக்கொண்டு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்கிறது. அதனால் நீங்கள் காலி செய்த தேதிக்கும் எழுத்தில் ஆதாரம் வேண்டும். சாவி கொடுக்கும் அன்று இ.பி. மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டு, உங்கள் பிரதியிலேயே "சாவி பெற்றுக்கொண்டேன்" என்று இன்னொரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். கரண்ட் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள், நீங்கள் போன பிறகு வரும் பில்லில் யார் பங்கு எவ்வளவு என்பதற்கு அந்தப் படம் வேண்டும்.

மே 31-ல் காலி செய்ய வேண்டும் என்றால் மார்ச் 31-க்குள் கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும். கடைசி நாள் வரை காத்திருக்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து நேரிலேயே போய்க் கொடுத்துவிடுங்கள்.